காசு போன கதையைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தையில் என் மாமி இருக்கும் ஒழுங்கைக்குப் புதனும் ஞாயிறும் மீன்காரர் வருவார். மாமிக்கு 76 வயது. பாரையோ சூடையோ, ஒரு துண்டு மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நுகேகொடையிலிருந்து அவரைப் பார்க்கப் போனேன். வாசலில் மீன்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அம்மாவுக்கு வருத்தமோ? இண்டையோட மூண்டு தரம் மீன் வேண்டாம் எண்டு அனுப்பிப்போட்டா."

மேலே போனேன். மாமி பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு முட்டைகூட இல்லை. விரதம் என்றார். என்ன விரதம் என்று கேட்டேன், பதில் இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, ஆருக்கும் சொல்லாதை."

பதினொரு நாளுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது. வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஓர் இளைஞன் நல்ல தமிழில், மரியாதையாக, மூச்சுக்கு மூச்சு "அம்மா" போட்டுப் பேசியிருக்கிறான். மாமியின் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அவனிடம் இருந்தன. "உங்கட அட்டை இண்டைக்குப் பின்னேரம் நாலு மணியோட முடங்கிப்போகும் அம்மா, இப்பவே புதுப்பிக்க வேணும், கோலை வைக்காதேங்கோ" என்றிருக்கிறான். கையிலிருந்த தொலைபேசி கிண்ணென்று ஒலித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதில் ஆறு இலக்கம். அவற்றை வாசிக்கச் சொன்னான், மாமி வாசித்தார். இன்னொன்று வந்தது, அதையும் வாசித்தார். முதலில் 85,000 ரூபா, பிறகு 97,500 ரூபா. மொத்தம் 182,500. கனடாவிலிருந்து மகள் மாதா மாதம் அனுப்பியதில் மிச்சம் பிடித்த காசு அது. கடைசியாக அவன் சொன்னது: "பாதுகாப்பு விசயம் அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

மாமி படிக்காதவர் அல்லர். பருத்தித்துறையில் 28 வருடம் கணிதம் படிப்பித்தவர். இன்றைக்கும் கடைச் சிட்டையை மனக்கணக்கில் கூட்டி, கடைக்காரரின் பிழையைத் திருத்துகிறவர். அந்தக் குறுஞ்செய்தியில் ஓடிபி என்கிற அந்த ஆறு இலக்கத்தின் கீழேயே எவருடனும் இதைப் பகிர வேண்டாம் என்று எழுதியிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. காதில் ஒருவன் அவசரப்படுத்திக்கொண்டிருக்க, கண்ணாடியையும் தேடிக்கொண்டு ஆங்கிலம் வாசித்து விளங்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

திருடன் கடைசியாகச் சொன்னதும், மாமி என்னிடம் முதலில் சொன்னதும் ஒரே வார்த்தைகள்தாம் என்பது அன்றிரவு வீட்டுக்கு வந்த பிறகே எனக்கு உறைத்தது. அவன் சொன்னதை மாமி பதினொரு நாள் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார். மகளுக்குத் தெரிந்தால் பேசுவாள் என்ற பயம், மகனுக்குத் தெரிந்தால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வான் என்ற பயம், ரீச்சர் ஏமாந்துவிட்டார் என்று மாடிக்காரர் சொல்வார்கள் என்ற வெட்கம். போன காசை மீனிலும் முட்டையிலும் மிச்சம் பிடித்து யாருக்கும் தெரியாமல் ஈடுசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். உடனே வங்கிக்கு அழைத்திருந்தால் இரண்டாவது தொகையையாவது மறித்திருக்கலாம். பதினொரு நாள் கழித்து நாங்கள் போனபோது, இலக்கத்தை வாடிக்கையாளரே கொடுத்ததால் தாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதினோம். காசு திரும்பவில்லை.

நான் 31 வருடம் வங்கிக் கருமபீடத்தில் இருந்து ஓய்வுபெற்றவள். இந்தத் தொழிலில் இருந்தும் என் வீட்டு மூத்தவரோடு இதைப் பற்றி ஒருநாளாவது உட்கார்ந்து கதைக்கவில்லை. எழுதத் தொடங்கியது அதனால்தான். மோசடியிலிருந்து தப்பும் வழிகள் என்று எத்தனையோ அறிவுரைகள் பத்திரிகைகளில் வருகின்றன, அவற்றில் அநேகமானவை சரியானவை. ஆனால் எங்கள் வீடுகளில் காசைப் பற்றி வாய்விட்டுக் கதைக்கும் பழக்கம் இல்லாதவரை அவை ஒன்றும் வேலை செய்யாது. எங்களை ஏமாற்றுகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது எங்கள் மௌனம். அதை அவன் கேட்காமலே நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.

கருமபீடத்தில் இருந்த காலத்தில் ஒருவரைப் பார்த்தேன். 2007. ஓய்வுபெற்ற தபால் அதிபர். 12 இலட்சம் ரூபா நிலையான வைப்பைத் தவணை முடியும் முன்னரே முறிக்க வந்தார். எங்கே போடப் போகிறீர்கள் ஐயா என்று கேட்டேன். ஓர் இடத்தைச் சொன்னார். மாதம் 5 வீத வட்டி. "மத்திய வங்கியில பதிஞ்ச இடமோ ஐயா?" என்று கேட்டதற்கு, "தங்கச்சி, என்ர மச்சான் மூண்டு மாசமாக் கையில எடுக்கிறார்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். அன்று அவரோடு இன்னும் ஐந்து நிமிடம் கதைத்திருக்க வேண்டும் என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது.

மாதம் 5 வீதம் என்றால் 12 இலட்சத்துக்கு 60,000 ரூபா. அவர் ஒன்பது மாதம் எடுத்தார், 540,000 ரூபா. பிறகு கதவு பூட்டு. மிச்சம் 660,000 போய்விட்டது. இந்தக் கணக்கை வாசகர்கள் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 5 வீதம் தருவதாகச் சொல்லும் ஒருவன், எந்தத் தொழிலும் செய்யாமல், எதையும் முதலீடு செய்யாமல், நீங்கள் கொடுத்த காசையே உங்களுக்கு மாதா மாதம் எண்ணிக் கொடுத்தாலும் 20 மாதம் தாக்குப்பிடிக்கலாம். அந்த 20 மாதமும் நீங்கள் அதை வட்டி என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அது மட்டுமல்ல, உங்கள் மச்சானையும் சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். தபால் அதிபர் சம்பந்தியைச் சேர்த்துவிட்டார். அதன் பிறகு அந்த இரண்டு குடும்பமும் ஒரு நல்லது கெட்டதுக்கும் சந்தித்துக்கொள்ளவில்லை.

வட்டியை மாதக் கணக்கில் சொல்பவரிடம் அதை வருடக் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். 5 வீதம் என்பது காதுக்குச் சின்னதாகத் தெரிகிறது. 60 வீதம் என்று கேட்டால் எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும்.

நான் இருக்கும் நுகேகொடை இந்தப் பாடத்தை ஊரறியப் படித்த இடம். இங்கே ஆங்கில வகுப்புகள் நடத்திப் பெயர் பெற்றவர் சக்விதி ரணசிங்க. பத்திரிகை விளம்பரங்களால் அவருடைய முகம் நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. படிப்பிக்கிற மனிதர் என்ற மரியாதையோடு வீடமைப்பு நிறுவனம் ஒன்றையும் வைத்து, கூடிய வட்டி தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் வைப்புகளைத் திரட்டினார். 2008 செப்டெம்பரில் ஆள் தலைமறைவு. காசு போட்டவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் கூடி நின்றதை இங்கே கடை வைத்திருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். 2012இல்தான் அவர் கைதானார். அதே 2008ஆம் ஆண்டு டிசெம்பரில் கோல்டன் கீ கடன் அட்டைக் கம்பனி விழுந்தது. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வைப்பாளர்கள், ஏறத்தாழ 2,600 கோடி ரூபா. அங்கே காசு போட்டவர்களில் வைத்தியர்கள் இருந்தார்கள், ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள் இருந்தார்கள். பொதுமக்களிடம் வைப்பு வாங்க அந்தக் கம்பனிக்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கவில்லை. அதைக் கேட்டுப் பார்க்க ஒரு கடிதமோ ஒரு தொலைபேசி அழைப்போ போதுமாயிருந்தது. பெரிய பெயரும் பெரிய கட்டடமும் இருந்ததால் பலர் கேட்கவில்லை.

ஆனால் அனுமதிப் பத்திரம் இருந்தால் போதும் என்றும் நான் எழுத மாட்டேன். த பினான்ஸ் கம்பனி அனுமதி பெற்ற நிறுவனம், பழைய நிறுவனம். 2020 மே 22இல் மத்திய வங்கி அதன் அனுமதியை இரத்துச் செய்தபோது அங்கே சுமார் 145,000 வைப்பாளர்கள் இருந்தார்கள். அதே வருடம் ஜூலையில் ஈ.டி.ஐ. பினான்ஸின் அனுமதியும் போனது. அப்போது வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 6 இலட்சம் ரூபா. 2021இலிருந்து அது 11 இலட்சம். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் என்பதுதான் கணக்கு, அதற்கு மேல் உள்ளதற்கு உத்தரவாதம் இல்லை. பென்சன் காசு 30 இலட்சம் கையில் இருக்கிறவர் அதை ஒரே நிதிக் கம்பனியில் போட வேண்டிய அவசியம் என்ன? அரை வீதம், ஒரு வீதம் வட்டி கூடக் கிடைக்கிறது என்பதற்காகவா? மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. இணையம் பார்க்கத் தெரியாதவர்கள் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் கேட்கலாம். மாமி இந்த இலக்கத்தைத் தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்போது ஏன் இந்த ஏமாற்றுக் கதைகள் இவ்வளவு கூடிவிட்டன என்று கேட்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் 2022தான் காரணம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். ஒரு இலட்சம் ரூபாவின் பெறுமதி கண்முன்னால் கரைந்தது. அதே காலத்தில் வங்கிகளின் நிலையான வைப்பு வட்டி 20 வீதத்தையும் தாண்டிப் போனது. 10 இலட்சம் போட்ட ஒரு ஓய்வூதியக்காரருக்கு மாதம் 16,000க்கு மேல் வந்தது. இன்று அதே 10 இலட்சத்துக்கு 8 வீத அளவில் கணக்குப் பார்த்தால் மாதம் 6,667 ரூபாதான். மூத்த பிரஜைகளுக்கு இருந்த 15 வீத விசேட வட்டியும் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிகிறது. மாத வருமானம் 150,000 ரூபாவுக்குக் குறைந்தவர்கள் பிரகடனப் படிவம் கொடுத்து அந்தக் கழிவை நிறுத்தலாம், ஆனால் இது தெரியாமல் கழிக்க விட்டுவிட்டு இருக்கும் முதியவர்கள் வெள்ளவத்தையில் மாடிக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். தேங்காய் விலையும் மருந்து விலையும் இறங்கவில்லை, வட்டி மட்டும் இறங்கிவிட்டது. அந்த இடைவெளியில் நின்றுகொண்டுதான் ஒருவன் "மாதம் 5 வீதம்" என்கிறான். பேராசை என்று இவர்களைத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அநேகமானவர்கள் மருந்துச் செலவுக்குத்தான் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள்.

இளையவர்கள் கதை வேறு. கொட்டாஞ்சேனையில் என் அண்ணன் வீடு. அண்ணன் மகனுக்கு 24 வயது. கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் காசு போட்டால் டொலராக நாளுக்கு நாள் ஏறும் என்று அவனோடு ரியூசன் படித்த நண்பன் சொன்னான். திரையில் உண்மையாகவே ஏறியது. முதல் கிழமை கொஞ்சம் கையிலும் எடுத்தான். தாயின் இரண்டு பவுண் சங்கிலியைச் செட்டியார் தெருவில் அடகு வைத்து இன்னும் போட்டான், நாலு நண்பர்களையும் சேர்த்தான். ஒருநாள் காலையில் திரையில் இலக்கங்கள் இருந்தன, எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்ட வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. அதையும் கட்டினான்.

மாமியைவிட இவனுக்கு வாய் திறப்பது கடினமாக இருந்தது. மாமி ஏமாந்தவர் மட்டுமே. இவன் நாலு பேரை ஏமாற வைத்தவனும் ஆகிவிட்டான். பிரமிட் திட்டங்களைத் தொடங்குவது, ஆள் சேர்ப்பது, ஊக்குவிப்பது எல்லாம் வங்கிச் சட்டத்தின் 83 சி பிரிவின்படி குற்றம். எனவே இப்படிச் சேர்த்துவிட்டவர்கள் வெட்கத்தாலும் பயத்தாலும் இரட்டிப்பாகப் பேசாமல் இருக்கிறார்கள். அந்த மௌனத்தில் அடுத்த செயலி வேறு பெயரில் வருகிறது. ஸ்போர்ட் செயின், ஃபாஸ்ட் 3 சைக்கிள், எம்டிஎஃப்இ, ஓன்மேக்ஸ் டிடி என்று மத்திய வங்கி பெயர் சொல்லி எச்சரித்த பட்டியலை அண்ணன் மகன் பார்த்ததே இல்லை. எந்த நண்பனும் அவனுக்கு அதைக் காட்டவில்லை.

அவனுக்கு மாமிதான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். முதல் படியில் 5, இரண்டாம் படியில் 25, மூன்றாம் படியில் 125. பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். பதினோராம் படியில் 48,828,125 வந்தது. "இலங்கையில மொத்தச் சனம் எவ்வளவு, தம்பி?" என்று கேட்டார். 2024 குடிசன மதிப்பீட்டின்படி 2 கோடி 17 இலட்சம் சொச்சம். பாலர் முதல் கிழவர் வரை எல்லோரையும் சேர்த்தாலும் பதினோராம் படிக்கு ஆள் காணாது. பையன் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அம்மா காலத்தில் சீட்டு இருந்தது. இப்போதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறது, சிங்களச் சனத்திடமும் அதே பெயரில் இருக்கிறது. சீட்டை நடத்தும் தாச்சி காசோடு ஓடிப்போன கதைகளும் உண்டு. இருந்தும் பெரும்பாலான சீட்டுகள் ஒழுங்காக முடிந்ததற்குக் காரணம் அது நடந்த விதம். இருபது பெண்கள் ஒரே விறாந்தையில் பாயில் உட்கார்ந்து, இந்த மாதம் யார் எடுத்தது, எவ்வளவு கழிவு, யார் கட்டவில்லை என்பதை எல்லோரும் அறிய நடத்தினார்கள். அம்மாவின் சீட்டுக் கொப்பியை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். இன்று வருகிற செயலிகளும் வட்டிக்காரர்களும் எங்கள் சொந்தக்கார நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த விறாந்தையை ஒழித்துவிட்டார்கள். உங்களுக்கு மேலே உள்ளவரைத் தெரியாது, கீழே உள்ளவரைத் தெரியாது, கொப்பி யார் கையில் என்றும் தெரியாது.

மற்ற மோசடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தபால் திணைக்களம் பெயரில் பொதி வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்று வரும் குறுஞ்செய்தி பொய். அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். வீட்டிலிருந்தபடி காணொளிகளுக்கு விருப்பம் போட்டால் சம்பளம் என்று வட்ஸ்அப்பில் வருவதும் பொய். 2024 ஜூனில் மடிவெலவிலும் பத்தரமுல்லையிலும் நீர்கொழும்பிலும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் வீடுகளைச் சுற்றிவளைத்து வெளிநாட்டவர் பலரைப் பிடித்தது இந்த வகை மோசடிக்குத்தான். முதலில் சிறு தொகை கொடுத்து நம்ப வைத்து, பிறகு வைப்புச் செய்யச் சொல்லி நெருக்குவது அவர்கள் வழி. வெளிநாட்டு வேலைக்கு ஒருவர் காசு கேட்டால் கொடுக்க முன் 1989க்கு அழைத்து, வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவர் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். மியன்மார் முகாம்களில் அடைபட்டு, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைத் துவக்கு முனையில் செய்த எங்கள் நாட்டுப் பிள்ளைகளும் கணினி வேலை என்ற பேச்சை நம்பித்தான் விமானம் ஏறினார்கள்.

ஆவணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். மாமிக்கு இப்போது இரண்டு கணக்கு. ஒன்றில் அட்டை இருக்கிறது, அதில் ஒரு மாதச் செலவுக்கான காசு மட்டும். மற்றதற்கு அட்டையும் இல்லை, செயலியும் இல்லை, வங்கிப் புத்தகம் மட்டும்தான். அதில் காசு எடுக்க மாமி நேரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். தொலைபேசியில் எவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தக் காசு அசையாது. அடையாள அட்டைப் பிரதி யார் கேட்டாலும் அதன் குறுக்கே எந்த அலுவலுக்கு, எந்தத் திகதி என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம். வங்கி என்று யார் அழைத்தாலும் மாமி சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "மருமகள் வந்தாப் பிறகு நானே எடுக்கிறன், மோனை." சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். மரியாதைக் குறைவாக நடந்துகொள்ள மாமிக்கு வராது, அதனால் மரியாதையாகவே வைப்பதற்கு ஒரு வசனம் தேவைப்பட்டது. அதை அவர் இரண்டு தரம் பாவித்துவிட்டார்.

மாதம் பத்தாம் திகதி நானும் என் கணவரும் மாமியும் ஒரு சீஆர் கொப்பியோடு உட்காருகிறோம். வந்த காசு, போன காசு, மின்சாரம், தண்ணீர், மருந்து, கோயில், மீன். மாமி தன் தொலைபேசியில் வந்த வங்கிச் செய்திகளை வாசிக்க, நான் எழுதுவேன். முதல் மாதமே ஒன்று பிடிபட்டது. என் கணவரின் கடன் அட்டையில் 200,000 ரூபா நிலுவை இருந்தது எனக்கே தெரியாது. மாதா மாதம் ஆகக் குறைந்த தொகையாக 10,000 கட்டிவந்திருக்கிறார். வருடம் 28 வீதம் வட்டி என்றால் மாதத்துக்கு 4,667 ரூபா வட்டிக்கே போகிறது, கடன் குறைவது 5,333 மட்டும். அவர் இதை என்னிடம் மறைக்க நினைத்து மறைக்கவில்லை. காசுக் கதை என்றால் எங்கள் வீடுகளில் ஆண்கள் ஒரு கடமை போல வாய் மூடிக்கொள்கிறார்கள். என் ஒரு சோடிக் காப்பை விற்று அடைத்தோம். அடகு வைக்கத்தான் அவர் சொன்னார். வட்டி கட்டித் திரும்ப மீட்கப் போகிறோமா என்று கணக்குப் பார்த்தோம், மீட்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. மீட்க முடியாத நகையை அடகில் வைத்து வட்டி கட்டுவதைவிட விற்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வங்கிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. என் மாமியின் கைக்கு வந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வந்தது. பகிர வேண்டாம் என்ற ஒரு வரியைத் தமிழில் போட எவ்வளவு செலவாகும்? கணக்குத் திறக்கும் போதே வாடிக்கையாளரிடம் மொழியைக் கேட்டு, ஓடிபி செய்தியை அந்த மொழியில் அனுப்புங்கள். 70 வயது தாண்டியவரின் கணக்கிலிருந்து வழக்கத்துக்கு மாறாக ஒரு பெரிய தொகை வெளியே போகும் போது ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள், ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். வாடிக்கையாளர்களும் சும்மா இருக்கக் கூடாது. கடன் பத்திரமோ தவணைப் பத்திரமோ தமிழில் தாருங்கள் என்று கேளுங்கள். நான் கருமபீடத்தில் இருந்த 31 வருடத்தில் அப்படிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மாமியோடு மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வங்கியிலிருந்து அழைப்பு வந்ததைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். மாமி திடீரென்று, "எனக்கு ஒரு இலட்சத்து எண்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு போனது" என்றார். ரீச்சர் குரலில், பின்வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பக்கத்திலிருந்த அம்மா தன் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்கு 60,000 போனதாகவும் மகனுக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார். இன்னொருவர் தனக்கும் என்றார். நாங்கள் வீட்டுக்குப் போகும்போது எட்டரை மணி.

இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் தனியே இருக்கும் அம்மாவோ அப்பாவோ மாமியோ, அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, இப்படி ஏதாவது அழைப்பு வந்ததா என்று கேளுங்கள். வந்தது என்றால் ஏன் பேசினீர்கள் என்று ஏசாதீர்கள். என் மாமி பதினொரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது அந்த ஏச்சுக்குப் பயந்துதான்.